காது கேளாத நம் சகோதரருக்குப் பூசை புரிவது எப்படி?



ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒழுங்காக வந்து, எல்லாரும் எழுந்திருக்கையில் தாமும் எழுந்து, முழந்தாளிடுகையில் தாமும் முழந்தாளிட்டு, பிரசங்க நேரத்தில் குருவானவரின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் பிறவியிலேயே காது கேளாதவர். பக்கத்து வரிசையார் அவரைப் பார்த்து, "பாவம், என்ன பக்தி!" என்பார்கள். பக்தி உண்மைதான். ஆனால் முப்பது நாற்பது வருஷமாக அவர் கேட்ட பிரசங்கம் எத்தனை என்று எண்ணினால் ஒன்றுமில்லை. அன்று வாசித்த சுவிசேஷம் இன்னதென்று அவருக்குச் சொன்னவரும் இல்லை. கோவிலுக்கு உள்ளேயே இருந்தும் தேவ வார்த்தைக்கு வெளியே நிற்கிற இந்நிலைமையைப் பற்றியே இவ்வாரப் பாடத்தில் சிந்திப்போம்.

இப்படிப்பட்டவர்கள் எங்கோ ஒருவர் இருவர் என்று நினைக்க வேண்டாம். 2011-ஆம் வருஷ ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் காது கேளாமை உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். ஆயிரம் பேருக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். செஞ்சிச் சீமையின் கிராமங்களில் ஆயிரம் ஆத்துமங்கள் உள்ள ஒரு பங்கில், கணக்குப்படி, நாலு பேர். அவர்களில் இருவர் கோவிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தால் அது ஏன் என்று நாம் கேட்டதுண்டா?

ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முற்காலத்தில் இவர்களைச் "செவிட்டூமை" என்று எழுதினார்கள். பழைய வேதப் புத்தகங்களிலும் அப்படியே காணலாம். இன்று அந்த வார்த்தை அவர்களைப் புண்படுத்தும். அது சரியான வார்த்தையும் அல்ல. அவர்களுக்குப் பேச்சு இல்லாமலில்லை. அவர்கள் பேச்சு கைகளில் இருக்கிறது. ஆகையால் காது கேளாதோர் என்றே சொல்லப் பழகுவோம். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுங்கள்.

சேசுநாதர் சுவாமி செய்த விதம்

அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 7-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தெக்கப்போலி நாட்டில் காது கேளாமலும் திருத்தமாய்ப் பேசமாட்டாமலும் இருந்த ஒருவனை ஜனங்கள் கொண்டுவருகிறார்கள். நம் ஆண்டவர் முதலில் அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போகிறார். தம் விரல்களை அவன் காதுகளில் வைக்கிறார். உமிழ்நீரால் அவன் நாவைத் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். பெருமூச்சு விடுகிறார். இவ்வளவுக்கும் பிறகே "எப்பெத்தா", அதாவது திறக்கப்படுவாயாக என்கிற வார்த்தை வருகிறது.

இந்தப் புதுமையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்றவை யாவும் கண்ணுக்குத் தெரியும் செய்கைகள். மற்ற நோயாளிகளிடம் பேசிக் கேள்வி கேட்ட ஆண்டவர், காது கேளாதவனிடம் கையால் பேசினார். இன்ன இடத்தில் உனக்கு வியாதி, இங்கேதான் தொடப்போகிறேன், மேலேயிருந்துதான் வரம் வரும் என்று அவனுக்கு விளங்கும்படி காட்டிவிட்டே சொஸ்தப்படுத்தினார். அந்தச் சடங்கின் நினைவாகவே ஞானஸ்நானத்தில் குழந்தையின் காதையும் வாயையும் தொடுகிற வழக்கம் நம்மிடம் வந்தது.

லூக்காஸ் சுவிசேஷத்தில் இன்னொரு இடம் உண்டு. ஸ்நாபக அருளப்பர் பிறந்து பெயரிடும் நாளில், உற்றார் உறவினர் சக்கரியாசைப் பார்த்து, பிள்ளைக்கு என்ன பெயரிட வேண்டுமென்று சைகை காட்டிக் கேட்டார்கள் என்று அதன் முதல் அதிகாரம் சொல்லுகிறது. அவர் பேச்சிழந்தவர் மாத்திரமென்றால் வாயால் கேட்டிருக்கலாமே! சைகை காட்டினார்கள் என்பதிலிருந்து அவருக்குக் காதும் கேட்கவில்லை என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். அவரோ ஒரு பலகை வாங்கி எழுதிக் காட்டினார். ஆக, காது கேளாத ஒருவர் சைகையாலும் எழுத்தாலும் தம் வீட்டு விசேஷத்தில் பங்குகொண்டது நம் சுவிசேஷத்தின் முதல் ஏட்டிலேயே இருக்கிறது.

"விசுவாசம் கேள்வியினால் வருகிறது என்று அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதியிருக்கிறாரே, காது கேளாதவனுக்கு விசுவாசம் எப்படி?" என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் இருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு இவர்களுக்கு ஞானோபதேசமே வேண்டாமென்று விட்டவர்களும் இருந்தார்கள். அப்போஸ்தலர் சொன்னது அறிவிப்பவர் ஒருவர் வேண்டும் என்பதே. காதுதான் வேண்டும் என்றல்ல.

நம்மவர் செய்த நன்மையும் தவறும்

இவ்விஷயத்தில் திருச்சபையின் சரித்திரம் முழுவதும் வெளிச்சமுமல்ல, முழுவதும் இருட்டுமல்ல. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அர்ச். பிரான்சிஸ்கு சலேசியார் மேற்றிராணியாராக இருக்கும்போது, மார்த்தீன் என்னும் காது கேளாத வேலைக்காரன் ஒருவனுக்குத் தாமே சைகைகளால் ஞானோபதேசம் கற்பித்துத் தேவநற்கருணை கொடுத்தார். அதனாலேயே அவர் காது கேளாதோரின் பாதுகாவலராக விளங்குகிறார். ஜனவரி 24 அவர் திருநாள்.

பின்பு 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் லெப்பே என்கிற குருவானவர் காது கேளாத இரண்டு சகோதரிகளைச் சந்தித்தார். அவர்களுக்குப் படங்களைக் காட்டி வேதபாடம் சொல்லிக்கொடுத்துவந்த குருவானவர் இறந்துபோயிருந்தார். இந்த இரண்டு ஆத்துமங்களும் ஆண்டவரை அறியாமல் போய்விடுமே என்கிற கவலையே லெப்பே சுவாமியாரை இதில் இறக்கிவிட்டது. அவர்கள் கைகளில் ஏற்கெனவே ஒரு பாஷை இருப்பதைக் கண்டார். அதைத் தாம் கற்றார். அதன் வழியாய்ப் படிப்பும் கற்பித்தார். 1760-ஐ ஒட்டி அவர் தொடங்கிய பள்ளிக்கூடமே உலகத்தில் காது கேளாதோர் கல்விக்கு ஒரு பெரிய ஊற்றாயிற்று. ஞானோபதேச வகுப்பு ஒன்றிலிருந்து பிறந்தது அது என்பதை நம் ஞானோபதேச ஆசிரியர்கள் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

நம் தேசத்திலும் அப்படியே. பம்பாயில் 1880-களின் நடுவில் காது கேளாதோர்க்கான முதல் பள்ளிக்கூடத்தை ஏற்படுத்தியவர் அங்கிருந்த கத்தோலிக்க மேற்றிராணியார் லியோ மெயுரின். அதற்குச் சில வருஷங்களுக்குள் பாளையங்கோட்டையில் பிராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்த புளோரன்ஸ் ஸ்வேன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றும் அவர் பெயராலேயே நடந்துவருகிறது. சென்னை அடையாற்றில் அர்ச். கபிரியேல் சபைச் சகோதரர்கள் நடத்தும் புனித லூயிஸ் பள்ளியைப் பற்றியும் உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

தவறு எங்கே நேர்ந்ததென்றால், 1880-இல் இத்தாலி நாட்டு மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாட்டில். காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை கூடாது, வாயசைவைப் பார்த்தே பேச்சைக் கற்க வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். கூடி வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் காது கேட்பவர்கள்! அத்தீர்மானம் உலகமெங்கும் பரவி, நூறு வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடங்களில் சைகையை மட்டந்தட்டி வைத்தது. நம் நாட்டுப் பள்ளிகளும் அதற்குத் தப்பவில்லை. வகுப்பில் கையை அசைத்ததற்காக அடிபட்டவர்கள் இன்று வயோதிகர்களாய் நம் நடுவே இருக்கிறார்கள்.

வாயசைவை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்வது எவ்வளவு கஷ்டமென்பதை நீங்களே வீட்டில் பரீட்சித்துப் பாருங்கள். கண்ணாடியின் முன் நின்று, சத்தமில்லாமல் "பாலை" என்றும் "மாலை" என்றும் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரேமாதிரி மூடித் திறக்கும். "பாடு", "மாடு" என்பவையும் அப்படியே. இத்துடன், குருவானவர் வாய்க்கு நேராக மைக் நிற்கிறது. சிலருக்குத் தாடியும் மீசையும். பீடத்திலிருந்து பத்தாவது வரிசைக்குத் தூரமோ முப்பதடி. இதில் எதைப் பார்ப்பது, எதைப் புரிந்துகொள்வது?

லத்தீன் போய்த் தமிழ் வந்தபோது

இங்கே நாம் அதிகம் யோசிக்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பூசை லத்தீனில் நடந்த காலத்தில், ஒருவிதத்தில், காது கேட்பவரும் கேளாதவரும் சமமாயிருந்தார்கள். குருவானவர் பீடத்தை நோக்கி நின்று மெல்லிய குரலில் செபித்தார். ஜனங்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாஷை தெரியாது. மணி அடித்தது, அப்பம் உயர்ந்தது, தூபம் எழுந்தது. நாம் செபமாலையை உருட்டிக்கொண்டு கண்ணால் பூசை கண்டோம். "பூசை காணப்போகிறேன்" என்றுதானே நம் பாட்டிமார் சொன்னார்கள்! காது கேளாத பாட்டியும் அதே பூசையைத்தான் கண்டாள்.

வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-ஆம் வருஷம் டிசம்பர் 4-ந் தேதி திருவழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. அவரவர் தாய்மொழியில் வழிபாடு நடக்க அது வழிதிறந்தது. தமிழ் பீடமேறியது. வாசகம் புரிந்தது, மன்றாட்டுகள் புரிந்தன, பிரசங்கம் நீண்டது. நமக்கு எல்லாம் ஆதாயம். காது கேளாதவருக்கோ, பார்க்க இருந்தவை குறைந்து, கேட்க வேண்டியவை பெருகின. அன்றுவரை நம்மோடு ஒன்றாய் இருந்தவர்கள் அன்றே பின்தங்கிப்போனார்கள்.

பொதுச்சங்கத்தார் இதை மறந்துவிட்டார்களா என்றால் இல்லை. வழிபாட்டுச் சீர்திருத்தத்துக்காக ஏற்படுத்தப்பட்ட உரோமை ஆலோசனைச் சங்கம், காது கேளாதோருக்கான வழிபாட்டில் சைகைப் பாஷையைத் தொடக்கமுதல் முடிவுவரை உபயோகிக்கலாமென்று 1965-லேயே, ஆறாம் சின்னப்பர் பாப்பானவரின் சம்மதத்தோடு, அனுமதி கொடுத்தது. ஆகவே நமக்குத் தமிழைக் கொடுத்த அதே காலத்தில் அவர்களுக்குச் சைகையையும் திருச்சபை கொடுத்தது. நாம் நம்முடையதை எடுத்துக்கொண்டோம். அவர்களுடையதை அவர்கள் கையில் சேர்ப்பித்தோமா என்பதே கேள்வி.

சைகைத் துபாஷி

மொழிபெயர்ப்பவர் என்றால் நம் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதல்ல. 1750-இல் பிரெஞ்சுக்காரர் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த நாட்களில் புதுச்சேரியில் டூப்ளே துரைக்குத் துபாஷியாய் இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. இரண்டு பாஷைக்காரர் நடுவே நின்று ஒருவர் சொன்னதை மற்றவருக்கு மாறாமல் சொல்பவர் துபாஷி. காது கேளாதோருக்கு வேண்டியதும் அப்படி ஒருவரே.

சைகைப் பாஷை என்பது தமிழைக் கையால் எழுதிக்காட்டுவது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தப்பு. இந்திய சைகை மொழி தனக்கென்று இலக்கணமுள்ள தனிப் பாஷை. "நீ எங்கே போகிறாய்?" என்று நாம் கேட்பதை அவர்கள் "நீ, போ, எங்கே" என்று கேள்விச் சொல்லைக் கடைசியில் வைத்துக் கேட்பார்கள், புருவமும் முகமும் சேர்ந்தே கேள்வி முழுமையாகும். முகத்தை அசைக்காமல் கையை மட்டும் அசைப்பவர் ராகமில்லாமல் பாட்டை ஒப்பிக்கிறவர் மாதிரி. பல நாட்டுச் சைகைகளில் நம் ஆண்டவரின் திருநாமத்துக்கு அடையாளம், நடுவிரலால் எதிர்க்கையின் உள்ளங்கையைத் தொட்டு, மற்றக் கையிலும் அப்படியே செய்வது. ஆணி பாய்ந்த இடத்தைக் காட்டுகிறது அது. ஆண்டவரின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவர் காயத்தையும் சொல்லுகிற பாஷை நம் தமிழில்கூட இல்லை.

"எழுதப் படிக்கத் தெரிந்தவர்தானே, பூசைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். கொடுங்கள், நல்லதே. ஆனால் பிரசங்கம் புத்தகத்தில் இல்லை. மேலும் பிறவியிலேயே தமிழ் ஒலியைக் கேளாதவருக்கு எழுத்துத் தமிழ் ஓர் அந்நிய பாஷை போலவே வருகிறது. கெட்டிக்காரரும் அதில் தடுமாறுவார். அது அறிவுக் குறைவல்ல. நாம் பிரெஞ்சைக் கேளாமல் புத்தகத்தில் மட்டும் படித்துக் கற்றால் எப்படியிருக்குமோ அப்படி.

யூதர்களிடம் கற்கலாம்

இவ்விஷயத்தில் நமக்கு மூத்த சகோதரராகிய யூத ஜனங்கள் போன வழி கவனிக்கத் தக்கது. காது கேளாதவனைச் சபிக்கக் கூடாதென்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஆனாலும் பிற்காலத்து ரபீக்களின் சட்டத்தொகுப்பாகிய மிஷ்னா, காதும் கேளாமல் பேச்சும் இல்லாதவனைச் சித்தப்பிரமை கொண்டவனோடும் சிறுபிள்ளையோடும் ஒரே வரிசையில் வைத்தது. கட்டளைகளை அனுசரிக்க அவனுக்குக் கடமையில்லை. சாட்சி சொல்ல இயலாது. இது இரக்கமாகத் தோன்றினாலும், கடமை இல்லாதவன் சபையில் எண்ணப்படாதவன். பொதுச்செபத்துக்குப் பத்துப் பேர் கூடவேண்டுமென்பது அவர்கள் விதி. அந்தப் பத்தில் அவன் சேரமாட்டான். அதே மிஷ்னா, அவன் சைகையால் விவாகம் செய்யலாம், சைகையால் கொடுக்கல் வாங்கல் செய்யலாம் என்றும் சொன்னது. கதவை அடைத்துவிட்டு ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தது போல.

பள்ளிக்கூடங்கள் வந்து காது கேளாதோர் படித்தவர்களானதும், பழைய தீர்ப்பு இவர்களுக்குப் பொருந்துமா என்று ரபீக்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கேட்கத் தொடங்கினார்கள். காது கேளாத யூதர்களும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1960-இல் தங்களுக்கென்றே ஒரு செபக்கூடத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். கடைசியாக 2011-இல் அந்நாட்டுக் கன்சர்வேட்டிவ் பிரிவு யூதர்களின் சட்டக்குழு, சைகையால் பேசுகிறவர் முழு அறிவும் முழுக் கடமையும் உள்ளவரே என்றும், அவரைப் பத்துப் பேரில் ஒருவராய் எண்ணவேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. யூதர் எல்லாப் பிரிவினரும் இதை ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமல்ல. ஆனாலும் ஒரு சபை தன் பழைய சட்டத்தையே திறந்து பார்த்தது சாதாரண காரியமல்ல.

அவர்களிடமிருந்து நடைமுறையில் கற்கவேண்டியது ஒன்றுண்டு. அவர்களுடைய செபங்கள் எபிரேய பாஷையில் நடக்கின்றன. சைகைத் துபாஷி ஆங்கிலம் அறிந்தவர். எபிரேயம் அறியாதவராகவும் இருக்கலாம். ஆகையால் செபங்களின் பாடத்தை முன்கூட்டியே வாங்கி அர்த்தம் கேட்டுத் தயாரித்துக்கொண்டு வந்தால்தான் அவரால் நிற்க முடியும். நமக்கும் அதுவே. "பரலோக மந்திரத்தைச் சைகையில் சொல்லும்" என்று பூசை தொடங்கிய பிறகு சொன்னால் யாரால் முடியும்? துபாஷிக்கு அந்த வாரத்து வாசகங்களையும், பாட்டுகளையும், முடிந்தால் பிரசங்கக் குறிப்பையும் சனிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

மேல்சித்தாமூரில் சமணர் ஆலயத் தேரோட்டத்தை நம்மில் பலர் போய்ப் பார்த்திருக்கிறோம். காது கேளாத ஒருவர் அங்கே நின்றால், தேர் முழுவதும் அவருக்குக் கிடைக்கிறது. அலங்காரம், வடம், ஜனக்கூட்டம் எல்லாம் கண்ணுக்கு உரியவை. நம் கோவில் திருவிழாவின் சப்பரமும் கொடியேற்றமும் அப்படியே. கொடி ஏறின பிறகு மைக்கைப் பிடித்து யாராவது பேசத் தொடங்கியவுடனே அவர் வெளியாளாகிவிடுகிறார். ஆகையால் எங்கே பேச்சு வருகிறதோ அங்கே துபாஷி வேண்டும்: பூசையில் மாத்திரமல்ல, விவாகத்தில், அடக்கத்தில், பங்குக் கூட்டத்தில், அன்பியச் செபத்தில், தவக்காலத் தியானத்தில்.

"அதற்குச் செலவு?" என்பார்கள். மைக் செட்டுக்குச் செலவு செய்கிறோமே! மைக் செட் என்பது என்ன? பின்வரிசையில் இருக்கிறவர் காதுக்கு வார்த்தையைக் கொண்டுபோகிற சாதனம். காது கேளாதவருக்கு மைக் செட் அந்தத் துபாஷியே. ஒன்றுக்குப் பணம் கொடுத்து மற்றொன்றை "சேவையாகச் செய்யட்டும்" என்பது நியாயமல்ல. இந்தத் தொழிலுக்கென்று பட்டயப் படிப்பு இருக்கிறது. டில்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம் பதினாயிரம் சொற்கள் அடங்கிய அகராதியையும் வெளியிட்டிருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சைகைப் பாஷையைக் கருத்துப் பரிமாற்ற முறைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. பயிற்சி பெற்றவரைத் தேட மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்களையும் கேட்கலாம்.

வீட்டுப் பிள்ளையைத் துபாஷியாக நிறுத்துவது நம்மிடம் சகஜம். காது கேளாத தாய்க்கு எட்டு வயது மகள் எல்லாவற்றையும் சொல்லுகிறாள். சந்தையில் அது சரி. பெரியப்பா இறந்த அடக்கப் பூசையில், அழுதுகொண்டிருக்கிற அந்தக் குழந்தையையே எழுந்து நின்று பிரசங்கத்தைச் சொல் என்பது கொடுமை. அன்று அவளும் துக்க வீட்டுக்காரி.

துபாஷி நிற்கும் இடம் முக்கியம். வாசகப் பீடத்துக்குப் பக்கத்தில், சற்று உயரமாக, முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்க வேண்டும். அவருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துத் தெரியும், கூடாது. ஒரே நிறத்தில், கைகளின் நிறத்துக்கு மாறாகத் தெரியும் உடுப்பு உடுத்த வேண்டும். பூப்போட்ட சேலை அழகுதான், ஆனால் விரல்கள் அதில் கரைந்துபோகும். காது கேளாதோர் முன்வரிசையில் ஒன்றாய் உட்கார வேண்டும். சிலருக்கு முன்னே உட்கார வெட்கம். குடும்பத்தார் கூட உட்கார்ந்தால் அது தீரும். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சியென்றால் இருவர் வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். கையை விட மூளை சீக்கிரம் களைத்துப்போகும் வேலை அது.

அவர்கள் பார்வையாளராக மட்டும் இருக்கவும் வேண்டாம். காது கேளாத ஒருவர் வாசகத்தைத் தம் சைகையில் அறிவிக்க, காது கேட்கும் ஒருவர் அதைக் குரலில் வாசிக்கலாம். அப்போது துபாஷி வேண்டியவர்கள் நாமே!

பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிப் பலருக்குச் சந்தேகம். 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தின் 990-ஆம் விதி, துபாஷி மூலமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய யாருக்கும் தடையில்லை என்கிறது. 983-ஆம் விதி, குருவானவரைப் போலவே அந்தத் துபாஷியும் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. துபாஷி வேண்டாமென்றால் எழுதிக் காட்டலாம்; அந்தத் தாளை அப்போதே கிழித்தெறிய வேண்டும். செல்போனில் தட்டிக் காட்டுவோர் உடனே அழித்துவிட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: சைகையில் செய்யும் பாவசங்கீர்த்தனம் தூரத்திலிருந்தும் தெரியும்! நமக்குக் குரலைத் தாழ்த்தினால் போதும். அவர்களுக்கு மறைவான அறை வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் சன்னக் கம்பி வலை அவர்களுக்கு உதவாது.

மெய்விவாகத்துக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. பேச இயலாதவர் சம்மதத்தை அதற்குச் சமமான அடையாளங்களால் தெரிவிக்கலாம் என்று 1104-ஆம் விதியும், துபாஷி மூலமாக விவாகம் செய்யலாம், ஆனால் அவர் நம்பத்தக்கவர் என்று பங்குக் குருவுக்கு நிச்சயமாகத் தெரியவேண்டும் என்று 1106-ஆம் விதியும் கூறுகின்றன. ஆகையால், "ஆமென்று தலையாட்டு" என்று பெண்ணின் முதுகைத் தட்டுகிற சித்திமார் சற்று ஒதுங்கி நிற்கட்டும். அவள் தன் கையாலேயே, தன் மனதை அறிந்து, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லவேண்டும். கேட்டது இன்னதென்று விளங்காமல் ஆட்டின தலை சம்மதமாகுமா என்பதைப் பெற்றோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

துபாஷியே தேவைப்படாத நாளும் சில இடங்களில் வந்துவிட்டது. தென்கொரியாவில் 2007-இல் காது கேளாத ஒருவர் குருப்பட்டம் பெற்றார். ஆசியாவில் அவரே முதல்வர் என்கிறார்கள். நம் தேசத்தில் 2024-ஆம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி கேரளத்துத் திருச்சூரில் திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த ஜோசப் தெர்மடம், அதிமேற்றிராணியார் ஆண்ட்ரூஸ் தாழத்து கையால் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் காது கேளாத முதல் குருவானவர் அவரே. பீடத்தில் நின்று அவர் தம் கைகளாலேயே பூசை செய்கிறார். காது கேளாத ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு "இவன் என்னவாகப் போகிறானோ" என்று கலங்கும் தாய்மார் இதை அறிந்திருப்பது நல்லது.

கடைசியாக, பாஸ்குத் திருவிழிப்பு இரவைப் பற்றி ஒரு குறிப்பு. அன்றைக்குக் கோவில் முழுதும் இருட்டாக்கி, பாஸ்குத் திரியை மட்டும் கொண்டுவருகிறோம். நமக்கு அந்த இருட்டு அழகு. காது கேளாதவருக்கோ அந்த நேரம் துபாஷியின் கையும் தெரியாது. வருஷத்திலேயே பெரிய ராத்திரியில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. துபாஷியின் முகத்துக்கும் கைக்கும் மட்டும் படும்படி ஒரு சிறு விளக்கை, நாலு பக்கமும் மறைப்பு வைத்து, ஏற்றிவைத்தால் போதும். மற்றவர்களுக்கு இருட்டு கெடாது. அந்த ஒரு விளக்கை அணைக்க வேண்டாமென்று கோவிற்பிள்ளையிடம் மத்தியானமே சொல்லிவைக்க வேண்டும். அன்றிரவு எல்லா விளக்கையும் அணைத்துப் பழகினவர் அவர்.